சடாரியும் 216 அடியும்

ஸ்ரீரங்கம் கோயிலில் உடையவர், அதாவது வைணவ ஆசாரியர் ராமானுஜர், சன்னதிக்குப் போய்க் கும்பிட்டால், வெளியே வருவதற்குள் ஒரு தடவை தலை குனிய வேண்டியிருக்கும். அர்ச்சகர் சடாரியைத் தலையில் வைத்து எடுப்பார். கவிழ்த்த கிண்ணம் போல இருக்கும், மேலே இரண்டு பாதங்கள். எந்தப் பெருமாள் கோயிலிலும் நடப்பதுதான், ஒரு நொடி வேலை. ஆனால் அதன் பெயரை விசாரித்தால் விஷயம் வேறு மாதிரி போகும். பெருமாள் சன்னதியில் வைத்தால் அது சடாரி, அதாவது சடகோபரான நம்மாழ்வார். நம்மாழ்வாரின் சன்னதியில் வைப்பதற்கு ராமானுஜம் என்று பெயர். ஆழ்வார்திருநகரியில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ராமானுஜர் சன்னதியில் வைத்தால் அது முதலியாண்டான், அவருடைய சகோதரி மகன், சீடர். பெருமாளுக்கு ஆழ்வார் பாதம், ஆழ்வாருக்கு ஆசாரியர் பாதம், ஆசாரியருக்குச் சீடர் பாதம். குருவை மறக்காமல் இருக்க வைணவர்கள் செய்துகொண்ட உருவங்களில் இதைவிடச் சின்னது கிடையாது. ஒரு கையால் எடுத்து வைக்கிற அளவு.

அதே ராமானுஜருக்கு ஹைதராபாத்தை அடுத்து, ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் முச்சிந்தல் என்ற ஊரில், பீடத்தோடு சேர்த்து 216 அடி உயரத்தில் ஓர் உருவம் இருக்கிறது. 'சமத்துவச் சிலை' என்று பெயர். அவருடைய ஆயிரமாவது ஆண்டை ஒட்டி வைணவத் துறவி சின்ன ஜீயர் எடுத்த முயற்சி. 2014-ல் அடிக்கல் போட்டு, 2022 பிப்ரவரி 5-ஆம் தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை, துத்தநாகம் சேர்ந்த பஞ்சலோகம். ராமானுஜர் பத்மாசனத்தில் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார், வைணவத் துறவிகள் ஏந்தும் முக்கோல் தோளில் சாய்ந்து நிற்கிறது. சுற்றிலும் ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களின் மாதிரிக் கோயில்கள். அடியில் 54 அடி உயரத்துக்கு ஒரு கட்டடம். அதற்குள் 120 கிலோ தங்கத்தில் இன்னொரு ராமானுஜர். அவர் 120 வருஷம் வாழ்ந்தார் என்பதற்காக 120 கிலோ. இதை அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். மொத்தச் செலவு ஆயிரம் கோடி ரூபாய் என்று சொன்னார்கள்.

இந்தியாவில் கடந்த முப்பது வருஷத்தில் எழுந்த பெரிய சிலைகளில் பாதிக்கு மேல் தெய்வங்களுக்கு, மிச்சத்தில் பெரும்பங்கு தலைவர்களுக்கு என்பது பொதுவான கணிப்பாக இருக்கலாம். நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் குருமார்களுக்கு எழுப்புகிற சிலைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. தெய்வம் பெரிதாக இருப்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, விஸ்வரூபம் எடுத்தது என்று சொல்லிவிடலாம். அரசன் பெரிதாக நிற்க ஆசைப்படுவதும் புரிகிறது. "அடியேன்" என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவரை எந்த அளவில் செய்வது? அவர் சொன்னதை நினைவூட்டத்தான் சிலை என்றால், உயரம் அதற்கு எந்த வகையில் உதவுகிறது?

முதலில், அவர் எதற்காக நினைக்கப்படுகிறார் என்று பார்த்துவிடலாம். ராமானுஜரின் சமத்துவம் என்றால் நமக்கு ஞாபகம் வருவதெல்லாம் கதைகள். காஞ்சிபுரத்தில் திருக்கச்சி நம்பி என்ற, பிராமணரல்லாத பெரியவர் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட வேண்டும் என்று அவரை வீட்டுக்கு அழைத்தார். நம்பி வந்த நேரம் ராமானுஜர் வீட்டில் இல்லை. மனைவி தஞ்சமாம்பாள் சோறு போட்டு அனுப்பிவிட்டு, இடத்தைக் கழுவி, குளித்து, புதிதாக அடுப்பு மூட்டினாள். திரும்பி வந்தவருக்குப் பொறுக்கவில்லை. பிறகு ஸ்ரீரங்கத்தில், காவிரிக்குக் குளிக்கப் போகும்போது முதலியாண்டான் தோளைப் பிடித்துக்கொண்டு போவார், குளித்துத் திரும்பும்போது பிள்ளை உறங்காவில்லி தாசன் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார். உறங்காவில்லி உறையூர் மல்லன். குளித்துச் சுத்தமான பிறகு தொடக் கூடாதவரைத் தொடுகிறாரே என்று ஊர் முணுமுணுத்தது. அப்புறம் எல்லாருக்கும் தெரிந்த திருக்கோஷ்டியூர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து வாங்கிய மந்திரார்த்தத்தை, சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையையும் மீறி, கோயில் மேலே ஏறி ஊருக்கே சொன்னார். விவரங்கள் நூலுக்கு நூல் மாறும். சாரம் மாறாது.

இவை எல்லாம் குருபரம்பரைக் கதைகள், ஆசாரியர்களின் வரிசையைச் சொல்லும் மரபு வரலாறுகளில் வருபவை, என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ராமானுஜர் எழுதியவை ஒன்பது நூல்கள், ஒன்பதும் சமஸ்கிருதம். அவற்றில் இந்தத் தோளும் இல்லை, கோபுரமும் இல்லை. பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் வேதம் ஓதும் தகுதி யாருக்கு என்ற இடம் வரும்போது, சூத்திரருக்கு இல்லை என்ற பழைய எல்லையை அவரும் ஒப்புக்கொள்கிறார். நூறு இருநூறு வருஷம் கழித்து அவருடைய ஆட்கள் தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளத்தில் எழுதிய வரலாறுகளில்தான் தோளில் கை போடுகிற ராமானுஜர் உயிரோடு நடமாடுகிறார். அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு கூட்டம் தன் ஆசிரியரிடம் எதைப் போற்ற முடிவு செய்தது என்பதும் வரலாறுதான். 120 வயதும் இப்படித்தான்: மரபு 1017 முதல் 1137 வரை என்கிறது, ஆய்வாளர்களில் சிலர் பிறப்பைப் பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளுவார்கள். தங்கம் எத்தனை கிலோ என்பதை மரபுதான் தீர்மானித்திருக்கிறது.

சரி, அந்த மரபு அவரை எந்த வடிவத்தில் வைத்துக்கொண்டது? மூன்று திருமேனிகள் என்பார்கள். தானுகந்த திருமேனி, தமருகந்த திருமேனி, தானான திருமேனி. சிலை என்ற சொல்லை இந்த இடத்தில் யாரும் வாயில் எடுப்பதில்லை, கவனியுங்கள். சிலை என்றால் கல். திருமேனி என்றால் உடம்பு.

கால வரிசைப்படி தமருகந்தது முதலில் வருகிறது. சோழ அரசனின் தொல்லைக்குத் தப்பி, காவியைக் களைந்து வெள்ளை உடுத்திக்கொண்டு ராமானுஜர் மைசூர்ப் பக்கம் போனதாகக் கதை. எந்தச் சோழன் என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் உற்சவத்தின்போது அவருக்கு வெள்ளை சாத்துப்படி, அதாவது வெள்ளை உடுத்தி அலங்கரிப்பது, என்று ஒன்று நடக்கும். ஒரு துறவி மாறுவேஷம் போட்டு ஓடிய நாளைத் திருவிழாவாகக் கொண்டாடுகிற ஊர் வேறு எங்கே இருக்கிறது! மேல்கோட்டையில், அதாவது திருநாராயணபுரத்தில், பன்னிரண்டு வருஷம் இருந்தார். ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் நேரம் வந்தபோது, அங்கே அவரைச் சூழ்ந்திருந்த ஐம்பத்திரண்டு பேர் விடமாட்டோம் என்றார்கள். அவர்களைச் சமாதானம் செய்யத் தன்னைப் போல ஓர் உருவம் செய்யச் சொல்லி, அதைத் தழுவிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். தமர் உகந்தது, அவருடைய ஜனங்களுக்குப் பிடித்தது. பிரிகிற ஆள் விட்டுப்போன போட்டோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தானுகந்தது. முதலியாண்டானின் மகன் கந்தாடையாண்டான், ஆசாரியர் பிறந்த ஊரில் அவருக்கு உருவம் வேண்டும் என்று அனுமதி கேட்டுச் செய்வித்தார். முதுமையில் இருந்த ராமானுஜர் அதைப் பார்த்து மகிழ்ந்து கட்டிக்கொண்டாராம். அங்கே சிற்பி கண் திறந்த வேளையில் ஸ்ரீரங்கத்தில் இவருடைய கண்ணில் ரத்தம் துளிர்த்தது என்று கதை முடியும். கண் திறப்பு என்பது சிற்பத் தொழிலில் கடைசி வேலை. சுவாமிமலையில் இன்றைக்கும் தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவு எடுத்து, மெழுகில் உருச் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, உலோகம் ஊற்றி, ராவி முடித்த பிறகும் கண்ணை மட்டும் விட்டு வைப்பார்கள். உளி அங்கே படுகிற வரை அது பொருள், பட்ட பிறகு அது ஆள். அந்த உளி உண்மையான ஆளுக்கு வலித்தது என்று சொன்னவர்கள், உருவத்துக்கும் மனிதருக்கும் நடுவில் எவ்வளவு குறைந்த தூரம் வைத்திருந்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

தானான திருமேனி ஸ்ரீரங்கத்தில். தானே ஆனது. துறவிகளை எரிப்பதில்லை, திருவரசில், அதாவது சமாதியில், வைப்பார்கள். ஆனால் கோயில் மதிலுக்குள் வைப்பது வழக்கமே இல்லை. ராமானுஜருக்கு மட்டும் அரங்கனின் வசந்த மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள் என்றும், பிறகு அந்த உடம்பே உட்கார்ந்த நிலையில் மேலே எழுந்தது என்றும் மரபு. எனவே இதற்குத் திருமஞ்சனம், அதாவது நீராட்டு, கிடையாது. வருஷத்தில் இரண்டு முறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் குழைத்துப் பூசுவார்கள். அதனால் மேனி காவியும் சிவப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். விளக்கொளியில் உற்றுப் பார்த்தால் கால்விரல் நகம்கூடத் தெரியும் என்று பக்கத்தில் நிற்பவர் யாராவது காதில் சொல்வார். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அதைக் கேட்டதும் கழுத்தை நீட்டிப் பார்க்காதவர் இல்லை.

உட்கார்ந்த ஓர் ஆள் அளவு, நாலு அடி தள்ளி, எண்ணெய் விளக்கில். இதுதான் பழைய அளவு. இங்கிருந்து முச்சிந்தலுக்குப் போகும்போது மாறுவது உயரம் மட்டும் இல்லை, பார்க்கிற விதமே மாறுகிறது. 216 அடியைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது, முட்டிதான் தெரியும். முழு உருவம் வேண்டும் என்றால் விலகிப் போக வேண்டும். இவ்வளவு பெரியதை வார்ப்பதும் சுவாமிமலை வேலை இல்லை. உள்ளே எஃகுச் சட்டம், வெளியே உலோகத் தகடுகள். சீனாவில் ஏரோசன் என்ற நிறுவனம் சுமார் 1,600 துண்டுகளாக வார்த்து அனுப்ப, இங்கே பற்றவைத்துச் சேர்த்தார்கள். சமத்துவச் சிலை சீனத் தயாரிப்பா என்று கொஞ்ச நாள் அரசியல் சத்தம் கேட்டது. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை; துருக்கப் பெண்ணைத் துலுக்க நாச்சியாராகக் கோயிலுக்குள் வைத்த மரபு, சீனத் தகட்டுக்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை. என் சந்தேகம் வேறு. அந்தச் சிலையின் உருவத்தில் சமத்துவம் எங்கே இருக்கிறது? கைகூப்பிய துறவி இருக்கிறார், முக்கோல் இருக்கிறது, நாமம் இருக்கிறது. தோள் கொடுத்த உறங்காவில்லியை அந்த உயரத்தில் தேட வேண்டியதில்லை. சமத்துவம் பெயரில் இருக்கிறது. பலகையை எடுத்துவிட்டால், பெரிய ஒரு மகான் என்பதற்கு மேல் அந்த உயரம் எதையும் சொல்லாது.

பெரிதாகச் செய்தாலே கருத்து செத்துவிடும் என்று இதை வைத்துச் சொல்லிவிடவும் முடியாது. சிரவணபெளகொளாவில் பாகுபலி நிற்கிறார், 57 அடி, ஒரே கருங்கல். கங்க அரசனின் அமைச்சர் சாவுண்டராயர் 981 வாக்கில் செய்வித்தது. காலடியில் கல்வெட்டு இருக்கிறது, கன்னடத்தோடு தமிழிலும்: 'சாமுண்டராஜன் செய்வித்தான்'. கர்நாடக மலை உச்சியில் செய்வித்தான் என்ற சொல்லைப் படிக்கிற தமிழனுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம் வரும், எனக்கு வந்தது. பாகுபலியின் கதை இது. அண்ணன் பரதனோடு ராஜ்யத்துக்காக மோதி, ஜெயிக்கிற கணத்தில் ஓங்கிய கையை இறக்கிவிட்டுக் காட்டுக்குப் போனார். அசையாமல் ஒரு வருஷம் நின்றார். கொடி காலைச் சுற்றி ஏறியது, பக்கத்தில் புற்று எழுந்தது. ஆனாலும் ஞானம் வரவில்லை. அண்ணனுடைய மண்ணில் நிற்கிறோமே என்ற முள் உள்ளே இருந்தது என்கிறார்கள் ஜைனர்கள். அது போனதும்தான் வந்தது.

இந்தக் கதை சிற்பத்திலேயே இருக்கிறது. தொடையிலும் கையிலும் மாதவிக் கொடி, காலடியில் புற்று, உடம்பில் நூல் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்ததும் கேட்பார்: இவர் ஏன் கொடி படர்கிற வரை நின்றார்? கேள்வி வந்துவிட்டால் சிலை தன் வேலையைச் செய்துவிட்டது. அதோடு, அங்கே போவதற்கு மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளைப் பாறையில் ஏறியாக வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் உள்ளங்கால் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

செய்வித்தவரின் தலைக்கனத்துக்கும் அங்கே ஒரு கதை கட்டிவிட்டார்கள். முதல் அபிஷேகத்தில் சாவுண்டராயர் குடம் குடமாகப் பால் ஊற்றினாராம். பால் இடுப்புக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு கிழவி கத்திரிக்காய் ஜாதிக் காய் ஒன்றைக் குடைந்து, அதில் கொஞ்சம் பால் கொண்டு வந்தாள். சிரித்துக்கொண்டே விட்டார்கள். அந்தச் சொட்டுப் பால் தலையிலிருந்து கால் வரை ஓடி மலையிலேயே வழிந்தது. குள்ளகாயி அஜ்ஜி என்று பெயர் வைத்து, அந்தக் கிழவிக்கும் பாகுபலிக்கு எதிரில் ஓர் உருவம் வைத்திருக்கிறார்கள். 57 அடிக்கு முன்னால் ஆள் உயரக் கிழவி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மகாமஸ்தகாபிஷேகத்துக்குப் பெரிய பெரிய புள்ளிகள் குடத்தோடு வருவார்கள், கடைசியாக வந்தது 2018-ல். பணம் கொடுத்தவர்கள் எல்லாருடைய முகத்துக்கும் நேரே அவள் நிற்கிறாள். சிலை எழுப்புகிறவர்கள் பக்கத்திலேயே இப்படி ஓர் அஜ்ஜியையும் நிறுத்தினால் தேவலை.

கன்னியாகுமரி வள்ளுவர் இன்னொரு வழி. கணபதி ஸ்தபதி செய்தது, 2000 ஜனவரி 1 அன்று முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தது. இங்கே நூல் எண்ணிக்கையாக நிற்கிறது: 133 அதிகாரத்துக்கு 133 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடி பீடம், அதன் மேல் பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அடிச் சிலை. அறத்தின் மேல் மற்ற இரண்டும் நிற்கின்றன என்று கணக்கிலேயே ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். படகில் போகிற பிள்ளைகள் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குறள் கேட்டால் திக்குவார்கள், அது வேறு விஷயம்.

சின்ன உருவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் சடங்கு செய்தவர்கள் மட்டும் ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொண்டார்களா? மேல்கோட்டையில் ராமானுஜர் தீண்டப்படாதவர்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டுக் கோயிலுக்குள் அழைத்தார் என்பது மரபு. அந்த அழைப்பு காலப்போக்கில் திருவிழாவை ஒட்டி வருஷத்தில் மூன்று நாள் அனுமதியாகச் சுருங்கிவிட்டது. மீதி நாளெல்லாம் அதே வாசல், அதே பூட்டு. தமருகந்த திருமேனி உள்ளேயேதான் இருந்தது. காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்காடியவர்களும் இதே ஆசாரியரைக் காலை மாலை சேவித்தவர்கள்தான். நாலு அடி தூரத்தில் இருந்தாலும் பார்க்காமல் இருக்க மனுஷனுக்குத் தெரியும். அந்த வகையில் முச்சிந்தலுக்கு ஒரு நியாயம் சொல்லலாம்: அங்கே எந்த ஜாதிக்காரரும் திறந்திருக்கிற நாளெல்லாம் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். நுழைவுச் சீட்டு செய்ததைப் பல திருவிழாக்கள் செய்யவில்லை.

இந்த வரிசையில் நான் எப்போதும் திரும்பிப் போகிற இடம் சிவகங்கைப் பக்கம் திருக்கோஷ்டியூர்தான். சௌமிய நாராயணப் பெருமாள் கோயில், விமானம் அடுக்கடுக்காக எழும்புகிறது. மேல் அடுக்குக்குப் போகிற படி குறுகல், எதிரே ஆள் இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். புழுக்கம், வௌவால் வாடை, கைப்பிடிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. மேலே வந்து வெளிச்சத்தில் கண் பழகினால், ராமானுஜர் ஊரைப் பார்த்து நிற்கிறார். ஆள் உயரம் இருந்தால் அதிகம். அவர் பார்க்கிற பக்கம் பார்த்தால் தெரு, ஓட்டு வீடுகள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற ஒருவர். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவு தூரம்தான்.